முதல் கோல்ஃப் பையில் எத்தனை மட்டைகள்: பதினான்கா, ஏழா?

கோல்ஃப் விதிகளின்படி ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 மட்டைகளைத்தான் பையில் வைத்துக்கொள்ளலாம். 1938இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் கொண்டுவந்த வரம்பு அது. அதற்கு முன்பு இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பணியாளர் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை அடக்கி வைக்க வந்த எண்ணை, இன்று கடைக்குப் போகும் புதியவர் தேவைப்பட்டியலாக எடுத்துக்கொள்கிறார். 14 மட்டை இல்லாமல் திடலில் கால் வைக்கவே கூடாது என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

1916இல் சிக் எவன்ஸ் என்ற ஆட்டக்காரர் அமெரிக்கப் பொது விருதை (யு.எஸ். ஓப்பன்) வென்றபோது அவர் பையில் இருந்தவை ஏழே மட்டைகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டம் இது; அவர் எடுத்த 286 அடிகள் என்ற கணக்கை அந்தப் போட்டியில் இருபது ஆண்டுகளுக்கு யாராலும் முறியடிக்க முடியவில்லை. அவர் வல்லவர், நாம் அப்படியில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் வல்லவருக்கே ஏழு போதுமென்றால், இரண்டு மட்டைகளுக்கு இடையே உள்ள பத்து மீட்டர் வேறுபாட்டை இன்னும் அடித்துக்காட்ட முடியாத நமக்குப் பதினான்கு எதற்கு?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஆடத் தொடங்கும் ஒருவருக்கு ஏழு மட்டைகள் போதும். அந்த ஏழில், மிகத் தொலைவுக்கு அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவர் இல்லாமல் இருப்பதே நல்லது. இப்படிச் சொல்வதற்கு இந்த ஊரின் நிலைமையும் ஒரு காரணம்.

இங்கே நிலம் குறைவு. ஜூரோங் மனமகிழ் மன்றத்தின் திடல் 2016இல் மூடப்பட்டது, ராஃபிள்ஸ் 2018இல். பொதுமக்கள் யாரும் போய் ஆடக்கூடிய மரினா பே திடலும் 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. ஆகவே புதியவரின் முதலாண்டில் பெரும்பகுதி பயிற்சித் திடலின் செயற்கைப் பாய்மீதுதான் கழிகிறது. அதன்பின் பிசி எனப்படும் தகுதிச் சான்றிதழ். விதிகளையும் திடல் ஒழுங்கையும் பற்றிய எழுத்துத் தேர்வு ஒன்று, திடலில் ஆடிக்காட்டும் தேர்வு ஒன்று. இந்தச் சான்றிதழோ, ஹேண்டிகேப் எனப்படும் ஆட்டத்திறன் மதிப்பெண்ணோ இல்லாதவரை இங்குள்ள மன்றங்கள் பெரும்பாலும் திடலில் இறங்க விடுவதில்லை. சான்றிதழ் கிடைத்ததும் நண்பர்கள் ஒரு காரில் ஏறி துவாஸ் வழியாக மலேசியாவின் ஜோகூருக்குப் போவார்கள், இல்லையென்றால் படகில் இந்தோனேசியத் தீவுகளான பாத்தாமுக்கோ பிந்தானுக்கோ போவார்கள். பாய், தேர்வு, மாதத்துக்கு ஒரு பயணம்: இந்த மூன்றுக்கும் பொருந்தும் பைதான் நமக்குத் தேவை.

எடையையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். டிரைவர் 300 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், குறுகிய தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் 450 கிராமை ஒட்டி வரும், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் அரைக் கிலோ. ஏழு மட்டைகள் சேர்ந்தால் சுமார் மூன்று கிலோ, பதினான்கு சேர்ந்தால் ஆறு. பையும் பந்துகளும் தண்ணீரும் குடையும் அதற்குமேல். நான்கு பேர் ஏறிய காரின் பின்பெட்டியில் நான்கு முழுப் பைகளை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் பாதுகாப்பறையில் அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே நிற்கவேண்டியதும் அதே பைதான்.

சரி, எந்த ஏழு?

என் பட்டியல் இது: 18 பாகை சாய்வுள்ள 5 வுட், 25 பாகையை ஒட்டிய ஒரு ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்ச்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ், பட்டர். வுட் என்பது பருத்த தலையுள்ள மட்டை, அயர்ன் தட்டையான உலோகத் தலையுள்ளது, ஹைபிரிட் இரண்டுக்கும் இடைப்பட்டது. சாய்வு என்பது மட்டை முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். கடையில் அரை செட் என்று கேட்டால் சில சமயம் 6, 8 அயர்ன்களை வைத்துக் கொடுப்பார்கள். அதுவும் சரிதான். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டிரைவரை ஏன் விட்டேன் என்பதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். என் அலுவலகத்தில் ஆடப் பழகும் தம்பி ஒருவர், "டிரைவர் இல்லாமல் போய் நின்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் அண்ணே?" என்றே கேட்டார். அவர் கேட்டது ஆட்டத்தைப் பற்றியல்ல, மானத்தைப் பற்றி. அந்தத் தயக்கம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் பந்துக்கு அது தெரியாது. டிரைவரின் தண்டு சுமார் 45 அங்குல நீளம். நீளம் கூடக்கூட மட்டை முகத்தின் நடுப்பகுதியில் பந்தைச் சந்திப்பது கடினமாகும். அதன் முகச் சாய்வு பெரும்பாலும் 9 முதல் 12 பாகைதான். சாய்வு குறையும்போது பந்தின் பின்சுழற்சி குறைகிறது. முகம் கொஞ்சம் திறந்து பட்டாலும் பந்து பக்கவாட்டில் வளைந்து ஓடுகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு அது வலப்பக்கத்து மரங்களுக்குள் போகும். அதே தவறான வீச்சை 5 வுட்டில் செய்தால் பந்து மேலே எழும், வளைவு குறையும், இருபது முப்பது மீட்டர் குறைவாகப் போனாலும் பெரும்பாலும் புல்வெளியிலேயே கிடக்கும். எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அபராத அடி உண்டு, அடித்த இடத்துக்கே திரும்பி மறுபடி அடிக்கவும் வேண்டும். முப்பது மீட்டர் ஆசைக்கு அந்த விலை அதிகம். தகுதித் தேர்வன்று இது இன்னும் முக்கியம். பந்தை ஒழுங்காக முன்னே நகர்த்தி, பின்னால் வருபவர்களைக் காக்கவைக்காமல் ஆடுபவருக்கே அந்த நாள் நல்லபடியாக முடியும்.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. இன்றைய டிரைவரின் தலை, விதி அனுமதிக்கும் 460 கன சென்டிமீட்டர் வரை பெரியது. நடுவில் படாத பந்தையும் ஓரளவு காப்பாற்றும். டீ எனும் சிறு முளையில் உயர்த்தி வைத்து அடிப்பதால், தரையில் கிடக்கும் பந்தை 3 வுட்டால் அடிப்பதைவிட டிரைவர் சிலருக்கு எளிதாகவே வருகிறது. அதனால் 3 வுட்டைப் புதியவர் பையில் நான் சேர்ப்பதே இல்லை. 15 பாகைச் சாய்வு, நீளமான தண்டு, தரையில் கிடக்கும் பந்து என மூன்று தொல்லைகளும் ஒரே மட்டையில் கூடிவிடுகின்றன. எல்லா மட்டைகளையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் பெட்டி செட்டுகளில் அது பெரும்பாலும் இருக்கும் என்பதுதான் வேதனை.

எண் குறைந்த நீண்ட அயர்ன்களும் அப்படியே. வீச்சு வேகம் குறைவாக உள்ளவரிடம் 4, 5, 6 அயர்ன்களைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் வந்து விழும், ஏனென்றால் சாய்வு குறைந்த மட்டையால் பந்தை உயரே அனுப்ப வேகம் வேண்டும். ஹைபிரிட்டில் எடை அடியிலும் பின்பக்கத்திலும் இருப்பதால் பந்து எளிதில் எழுகிறது. 7 வுட்டும் அதே வேலையைச் செய்யும், இன்னும் உயரமாகவே அனுப்பும். ஆனால் அதன் தண்டு நீளம். அடர்ந்த புல்லுக்குள் கிடக்கும் பந்தை வெளியே எடுக்க ஹைபிரிட்டின் சிறிய தலைதான் வசதி. இரண்டில் எது என்றால் நம் ஊர்ப் புல்லுக்கு ஹைபிரிட் என்பேன்.

அந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த வட்டாரத்துப் பழைய திடல்கள் பலவற்றில் கவ் கிராஸ் எனப்படும் அகன்ற இலைப் புல்லைக் காணலாம். குனிந்து பார்த்தால், பந்து இலைகளின்மேல் நிற்பதில்லை, இலைகளுக்கு நடுவே அரையளவு அமிழ்ந்து கிடக்கும். பிற்பகல் மழை பெய்து ஓய்ந்தபின் அடியில் மண் இளகியிருக்கும், இலைகளில் நீர் நிற்கும். அந்த நிலையில் மெல்லிய அடிப்பாகம் கொண்ட அயர்னை வீசினால் அது பந்துக்கு முன்பே மண்ணில் குத்தி நின்றுவிடும். அடிப்பாகம் அகலமாக உள்ள அயர்ன் வழுக்கிக்கொண்டு பந்துக்குப் போய்ச் சேரும். சோய்ஷியா புல் போட்ட திடல்களில் பந்து நிமிர்ந்து நிற்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் புதியவர் முதலில் ஆடப்போகும் திடல் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே மட்டையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்குமுன் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும்.

பின்பக்கம் குழிவாக இருக்கவேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. எடையை மட்டையின் ஓரங்களுக்குத் தள்ளி வைத்தால், நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது. இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர். 1959இல் அவர் செய்த பட்டர் பந்தைத் தொட்டபோது எழுந்த ஓசையே பிங் நிறுவனத்துக்குப் பெயராயிற்று. அதே தத்துவத்தில் அவர் செய்த அயர்ன்கள் 1980களில் உலகெங்கும் பரவின. இன்று எந்த நிறுவனத்தின் புதியவர் செட்டை எடுத்தாலும் அந்தக் குழிவைக் காணலாம்.

அடுத்துச் சொல்லப்போவது கடைக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம். மட்டையில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள், சாய்வுக் கோணத்தைக் கேளுங்கள். ஒரு காலத்தில் 7 அயர்ன் என்றால் 34, 35 பாகை. இப்போது புதியவர்களுக்கென்று செய்யப்படும் 7 அயர்ன்கள் 28 முதல் 30 பாகையில் வருகின்றன. பந்து தூரம் போகிறது என்று வாங்குபவர் மகிழ்வதற்காக எண்ணை வைத்துக்கொண்டு கோணத்தைக் குறைத்துவிட்டார்கள். இதனால் பாதிக்கப்படுவது பையின் அடுத்த முனை. பழைய செட்டில் 48 பாகையாக இருந்த பிட்ச்சிங் வெட்ஜ், புதிய செட்டில் 43, 44. சேண்ட் வெட்ஜ் மட்டும் 56இலேயே நிற்கிறது. நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று பாகை வெற்றிடம். குழி இருக்கும் மழித்த புல்தரையான கிரீனிலிருந்து எழுபது எண்பது மீட்டரில் நிற்கும்போது ஒன்று தாண்டிப் போகும், மற்றொன்று எட்டாது. உங்கள் பிட்ச்சிங் வெட்ஜ் 45க்குக் குறைவென்றால் சேண்ட் வெட்ஜை 54 பாகையில் வாங்குங்கள். பழைய செட் என்றால் 56 சரி.

சேண்ட் வெட்ஜ் பிறந்த விதமே அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித்தரும். 1930களின் தொடக்கத்தில் ஜீன் சராசன் என்ற ஆட்டக்காரர், மட்டையின் அடிப்பக்கத்தில் உலோகத்தை உருக்கி ஒட்டி, பின் விளிம்பைத் தாழ்வாக்கினார். முன் விளிம்பு மணலில் புதையாமல் அந்தத் தடித்த அடி மணலைத் தள்ளிக்கொண்டு பந்தை எழுப்பியது. அந்த மட்டையுடன் 1932இல் பிரிட்டிஷ் பொது விருதையும் வென்றார். அந்தத் தாழ்வைத்தான் பவுன்ஸ் என்று பாகையில் குறிக்கிறார்கள். நம் ஈர மண்ணுக்கு 10 முதல் 14 பாகை பவுன்ஸ் ஏற்றது. 60 பாகை லாப் வெட்ஜ் வேண்டவே வேண்டாம். தொலைக்காட்சியில் பார்க்க அழகு. புதியவர் கையில் பந்து ஐந்து மீட்டர் போகும், அல்லது கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழும்.

பட்டரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பார் 72 கொண்ட, அதாவது 72 அடிகளில் முடிக்கவேண்டும் என்று வகுத்த திடலில் ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு தட்டல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பதினெட்டுக் குழிகளுக்கு 36 தட்டல்கள், அதாவது மொத்த அடிகளில் சரிபாதி. டிரைவரை எடுக்கும் வாய்ப்பு ஒரு சுற்றில் பதினான்கு முறைதான் வரும். ஆனால் மக்கள் டிரைவருக்கு மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, செட்டோடு வந்த ஏதோ ஒரு பட்டரோடு காலந்தள்ளுகிறார்கள். ஏழில் ஒன்றையாவது புதிதாக, தனியாக, நேரம் எடுத்துத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் அது பட்டராக இருக்கட்டும். தகடு போன்ற தலையைவிட அகன்ற தலை புதியவருக்கு நேராக ஓடும், கோடு பிடிக்கவும் எளிது. 34 அங்குலம் பொதுவான நீளம். இயல்பாகக் குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வரவேண்டும். வரவில்லையென்றால் 33ஐ எடுத்துப் பாருங்கள். உயரம் குறைந்த நம் பெண்கள் பலருக்கு 32கூடச் சரியாக இருக்கும், கூச்சப்படாமல் கேட்டு வாங்கவேண்டும்.

இனி எங்கிருந்து வாங்குவது என்பது. நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கும் சமமல்ல.

பெட்டி செட் எளிது. ஒரே நாளில் வேலை முடியும், பையும் சேர்ந்தே வரும். ஆனால் பன்னிரண்டு மட்டைக்குப் பணம் கொடுத்து ஐந்தைத் தொடாமலே வைத்திருப்பீர்கள். தனித்தனியாகவோ அரை செட்டாகவோ புதிதாக வாங்குவது நேர்வழி. டெக்கத்லான் போன்ற கடைகளில் அதன் இனெசிஸ் வகையில் இப்படி வாங்கலாம், புதியவருக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும்.

மூன்றாவது, இரவலாகவோ அன்பளிப்பாகவோ வரும் பை. மாமனார் புது செட் வாங்கியதும் பழையதை மாப்பிள்ளைக்குக் கொடுப்பது நம் குடும்பங்களில் நடப்பதுதான். அன்போடு கொடுப்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெட்ஜுகளையும் பட்டரையும் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். மெல்லிய தலையும் விறைப்பான எஃகுத் தண்டும் கொண்ட அந்தக்கால அயர்ன்கள் பழகிய கைக்குச் செய்தவை. அவற்றில் தொடங்குபவர் கை எரிச்சலோடு ஆட்டத்தையே விட்டுவிடும் அபாயம் உண்டு.

நான்காவது வழியே எனக்குப் பிடித்தது: பயன்படுத்திய மட்டைகள். சிங்கப்பூரில் ஆர்வத்தோடு வாங்கி ஒரே வருடத்தில் விற்பவர்கள் ஏராளம். கரோசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் தேடினால் தினமும் கிடைக்கும். ஆர்ச்சர்ட் சாலை ஃபார் ஈஸ்ட் கடைத்தொகுதியில் கோல்ஃப் கடைகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஏறி இறங்கிக் கேட்கலாம். மூன்று நான்கு வருடம் பழைய குழிவு அயர்னுக்கும் இந்த வருடத்து அயர்னுக்கும் புதியவர் கையில் வேறுபாடே தெரியாது, விலையில் நன்றாகத் தெரியும். ஆனால் நம் ஊர் ஈரப்பதம் மட்டைகளுக்கு ஆகாது. நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். அது விலகி நின்றாலோ, தலையைப் பிடித்துத் திருகும்போது நெறுநெறுவென்று ஒலித்தாலோ உள்ளே பசை விட்டிருக்கலாம். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த மட்டைகளுக்கு இது நேர்வதுண்டு. எஃகுத் தண்டில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறித்திருந்தால் வேண்டாம். கைப்பிடி ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், பிடியை மாற்றிக்கொள்ளலாம். வியர்வையில் வழுக்காத நூல் கலந்த பிடி நமக்கு உகந்தது. பெரிய பெயர் பொறித்த புத்தம்புது செட் நம்பமுடியாத மலிவில் வந்தால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம், விட்டுவிடுங்கள்.

தண்டு எஃகா, கிராஃபைட்டா என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மெல்லிய உடல்வாகு உள்ளவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள், முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்கள் கிராஃபைட் எடுங்கள். மற்றவர்கள் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இடக்கை ஆட்டக்காரர்களுக்குப் பயன்படுத்திய மட்டைகள் அரிதாகவே கிடைக்கும். அவர்கள் புதிய அரை செட்டுக்கே போய்விடுவது நேரத்தை மிச்சமாக்கும்.

ஏழோடு ஆடப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கூட ஆடும் நண்பரின் டிரைவரை ஒரு குழிக்கு மட்டும் இரவல் வாங்கி அடிக்கலாமே என்று தோன்றும். பயிற்சித் திடலில் தாராளமாகச் செய்யலாம். ஆட்டத்தில், அதே திடலில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருடைய மட்டையைப் பயன்படுத்த விதி இடம் தராது, அபராதம் உண்டு. பதினான்குக்குக் குறைவாகத் தொடங்கியவர் வேறு மட்டையை நடுவில் பையில் சேர்த்துக்கொள்ள மட்டும் தடையில்லை.

எட்டாவது எப்போது? 5 வுட்டால் டீயிலிருந்து அடிக்கும் பத்துப் பந்துகளில் ஏழு எட்டு புல்வெளியிலேயே தங்கத் தொடங்கிய பிறகு டிரைவர் வாங்குங்கள். 12 பாகைக்குக் குறையாத சாய்வு, முடிந்தால் 44 அங்குலத் தண்டு. ஒன்பதாவதாக 49, 50 பாகையில் ஒரு வெட்ஜ், மேலே சொன்ன வெற்றிடத்தை அடைக்க. பத்தாவதைப் பற்றி உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதற்குள் உங்கள் வீச்சு எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.